ஊசிக்கு ஒரு திறப்பு விழா

மென்பொருள் மேன்மை வாரியத்தைப் பற்றி யாரும் என்னிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். நான் பள்ளிக்கூட டீச்சர், அதுவும் தமிழ் டீச்சர். வாரியங்களோடு எனக்கென்ன பகை? மொரீஷியஸுக்கு வந்த புதிதில், போர்ட் லூயிஸில் அந்தக் கட்டடத்தைப் பஸ் தாண்டும்போதெல்லாம், அதோ பாருங்கள், என் வீட்டுக்காரர் ஆபீஸ் என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பீற்றிக்கொண்டவள்தான். இப்போது பஸ் அந்தத் தெருவில் திரும்பினால் முகத்தை எதிர்ப்பக்கம் வைத்துக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் விஸ்வம் அங்கே புரோகிராம் எழுதுகிறவர். மெட்ராஸிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தோம். எனக்கு ரிவியேர் டு ராம்பாரில் பள்ளிக்கூடம், வீடு பாம்ப்ளமூஸில். தீவு முழுக்க உடுப்பு ஆலைகளும் கடற்கரை ஹோட்டல்களும் போட்டி போட்டுக்கொண்டு முளைத்த காலம் அது. இன்டர்நெட் என்று ஒன்று வந்திருக்கிறது என்று பேப்பரில் படித்துவிட்டு, அது எங்கே வந்து இறங்கியிருக்கிறது என்று பார்க்கத் துறைமுகத்துக்குப் போனவர்கள்கூட உண்டு என்பார்கள். நான் நம்புகிறேன். அதில் இரண்டு பேராவது வாரிய உறுப்பினர்களாக இருந்திருப்பார்கள்.

வாரியத்தின் பெரிய சொத்து ஒரு புரோகிராம். எந்த ஆலை எந்த நாட்டுக்கு எவ்வளவு உடுப்பு அனுப்பலாம் என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. அது ஒரே துண்டாக இருக்காதாம், எக்கச்சக்கமான துண்டுகளாக எழுதி வைத்திருப்பார்களாம். ஏதாவது ஒரு துண்டில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அத்தனை துண்டையும் முதலிலிருந்து மெஷினுக்குப் புரிகிற மொழிக்கு மாற்றி, சேர்த்துக் கட்டியாக வேண்டும். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகும். நடுவில் எங்கேயாவது இடறினால் மறுநாள் காலை மறுபடி ஆரம்பம். இன்றைக்கு ஆபீசில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "காத்துட்டிருந்தேன்" என்பார் விஸ்வம். இதற்கா கடல் தாண்டி வந்தோம் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அவருக்குப் பக்கத்து மேஜை ஜான்-க்ளோட். ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல் பையன், என்னைவிடச் சின்னவன், அதனால் அவன் இவன் என்றுதான் சொல்வேன். அவன் பெண்டாட்டி மார்லென் உடுப்பு ஆலையில் காலர் தைக்கிறவள். காலர் மட்டும்தான். கை வேறொருத்தி, பொத்தான் வேறொருத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். தீவில் எல்லோரும் பேசுகிற கிரியோல் மொழி எனக்குப் பேச வராது, ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புண்ணியத்தில் காதில் விழுந்தால் முழுக்கப் புரியும். அவர்கள் பேசியதை என் தமிழில்தான் இங்கே சொல்கிறேன்.

"மதாம் பாரதி, மார்லென் ஆலையில காலர் அளவு மாறிச்சுன்னா என்ன செய்வாங்க?" என்று ஒரு ஞாயிறு எலுமிச்சை சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டான். "காலரை மட்டும் பிரிச்சு மறுபடி தைப்பாங்க. எங்க ஆபீஸ்ல என்ன செய்யறோம் தெரியுமா? பருத்தி விதைக்கிறதுலேருந்து ஆரம்பிக்கிறோம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. விஸ்வம் இதே விஷயத்தை இரண்டு வருஷமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு இழவும் புரிந்ததில்லை.

அந்தப் பருத்தி விதைப்புக்கு மருந்தாக இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு கருவி எழுதினார்கள். எந்தத் துண்டு மாறியிருக்கிறது, எதற்கு எது வேண்டும், எது முன்னால் எது பின்னால் என்று அது தானே கண்டுபிடித்து, மாறியதை மட்டும் திரும்பத் தைத்துக் கொடுக்கும். ஸெக்வி என்று பெயர் வைத்தார்கள். கிரியோலில் ஊசி. எதற்கு எது வேண்டும் என்று கண்டுபிடிக்கிற பாதியை ஜான்-க்ளோட் எழுதினான், அந்தத் துண்டுக்குத் தன் பெயரையே வைத்தான். தைக்கிற பாதியை விஸ்வம் எழுதினார். அவர் கூச்ச சுபாவம், தன் துண்டுக்கு 'காலர்' என்று வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

ஊசி வேலை செய்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆகிற வேலை டீ ஆறுவதற்குள் முடிந்தது. கல்யாணமாகி முதல் தடவையாக என் வீட்டுக்காரர் வெயில் இருக்கும்போது வீடு திரும்பினார். தபால்காரர்தான் வந்துவிட்டார் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரு ஆசை. வெளிநாடுகளில் சில பேர் இப்படிச் செய்கிறார்களாம்: எழுதிய புரோகிராமை உள்ளும் புறமும் திறந்து அப்படியே உலகத்துக்குக் கொடுத்துவிடுவது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், பிறத்தியாருக்குத் தரலாம். ஒரே நிபந்தனை, முதல் வரியில் எழுதியவன் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எதற்குடா இந்தத் தர்மம் என்று கேட்டேன். ஜான்-க்ளோட் மார்லெனைப் பார்த்தான்.

"பருத்தி வெளியிலேருந்து வருது. நூலும் வெளியிலேருந்துதான். கழுத்துல வெக்கிற பேரும் வெளிநாட்டுக்காரன் பேரு. இவ தைக்கிற காலர்ல இவ கையாலயே எவன் பேரையோ வெச்சுத் தைக்கிறா. ஒரு தடவை நம்ம பேரு வெச்சு ஒண்ணு இந்தத் தீவை விட்டுப் போகட்டுமே, மதாம். நான் இருக்கும்போதே போகட்டும்."

கடைசியில் சொன்னதை அவன் சும்மா சொல்லவில்லை. அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட ஆரம்பித்திருந்தன. ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள அடிக்கடி போய்ப் படுக்க வேண்டியிருந்தது. மார்லென் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன் வழியாக ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் அனுப்பிவிடலாம், இன்றைக்கே அனுப்பட்டுமா என்றார் விஸ்வம். ஜான்-க்ளோட் ஒப்புக்கொள்ளவில்லை. வாரியத்தின் கம்ப்யூட்டரில், வாரியத்தின் நேரத்தில் எழுதியது, வாரியத்தைக் கேட்டு முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும், பின்வாசல் வழியாகப் போனால் அது திருட்டுச் சட்டை என்றான். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளை என்ன செய்வது என்று வாரியங்களுக்குத் தெரியும்.

வாரியத் தலைவர் வீரசாமி. அவருடைய பாட்டனாரின் அப்பா காலத்தில் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பம். வருஷம் தவறாமல் காவடி எடுப்பார். கோயிலில் என்னைப் பார்த்தால், "வணக்கம் டீச்சர், சாமி நல்லா?" என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், மற்றதெல்லாம் பிரெஞ்சு. சாமி நல்லாத்தான் இருக்கார் என்று நானும் பதில் சொல்வேன். கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல், கெட்ட மனுஷராக இருந்திருந்தால் வாய்விட்டுத் திட்டிவிட்டாவது போயிருப்பேன்.

முதல் கூட்டத்தில் இரண்டு பேரும் போய்ச் சொன்னார்கள்: இதை உலகத்துக்கு இலவசமாகக் கொடுக்க அனுமதி வேண்டும். வாரியம் நெடுநேரம் யோசித்து, தீவை விட்டு எது வெளியே போனாலும் அது ஏற்றுமதி என்று முடிவு செய்தது. ஏற்றுமதி என்றால் அட்டைப்பெட்டி உண்டு. ஒரு பெட்டிக்கு எத்தனை உருப்படி பிடிக்கும் என்று கேட்டார்கள். இதற்கு எடையே கிடையாது என்றார் விஸ்வம். எடை இல்லாத சரக்கைத் துறைமுகத்தில் எப்படி நிறுப்பது என்று ஒரு உறுப்பினர் உண்மையாகவே கவலைப்பட்டார். கடைசியில் மாதிரிக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். எதுவும் பதியாத ஒரு சின்ன பிளாப்பித் தட்டை, ஆறு டஜன் சட்டை பிடிக்கிற அட்டைப்பெட்டியில் தெர்மாகோல் வைத்துக் கட்டி, இரண்டு ஆட்களாகச் சுமந்து போனார்கள். வாரியம் அந்தப் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்து, திருப்தியோடு முத்திரை வைத்துத் துறைமுகக் கிடங்குக்கு அனுப்பியது. பெட்டி இன்றுவரை அங்கிருந்து திரும்பவில்லை.

சுற்றுலாத் துறையிலிருந்து வந்திருந்தவர் ஒரு கேள்வி கேட்டாராம். இதை எடுத்துக்கொள்கிறவர்கள் தீவுக்கு வருவார்களா? வர மாட்டார்கள், அவரவர் வீட்டில் உட்கார்ந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றதும் அவருக்கு முகம் வாடிப்போயிற்று. வராதவர்களை வரவழைக்கக் கருவி ஆரம்பிக்கும்போது ஒரு கடற்கரைப் படம் வர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். படத்தைச் சேர்த்துப் பார்த்தால், இரண்டு பேரும் பாடுபட்டு எழுதியதைவிடத் தென்னைமரம் பல மடங்கு பெரிதாக இருந்தது.

ஜான்-க்ளோட் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து கேட்டான்: கொரெக்கா, எல்லாம் சரியாயிடுச்சா? கிட்டத்தட்ட, அடுத்த கூட்டத்தில் முடிந்துவிடும் என்றார் விஸ்வம்.

அடுத்த கூட்டத்துக்கு அரசாங்க விழாக்களில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று பார்க்கிற அதிகாரி வந்தார், இவெட் என்று பெயர். ஊசி துண்டுகளை எந்த வரிசையில் எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அமைச்சரின் பெயரும் கையெழுத்தும் வருகிற பக்கம் ஒன்று உண்டு. மற்ற எல்லாத் துண்டும் தயாரான பிறகுதான் அதைத் தைக்க முடியும், அதனால் ஊசி அதைக் கடைசியில் வைத்திருந்தது. துறைமுகக் கிடங்குப் பூட்டுச் சாவிகளின் விவரம் அடங்கிய துண்டு முதலில் இருந்தது.

எந்த நெறிமுறைப்படி இந்த வரிசை என்று இவெட் கேட்டார். எதற்கு எது தேவையோ அந்தப்படி என்றார் விஸ்வம். தேவை என்பது நெறிமுறை ஆகாது என்று அந்தம்மாள் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி விளக்கினார். ஒரு அமைச்சரைச் சாவிக்குப் பின்னால் நிற்க வைத்த நாடு உலகத்தில் உண்டா? அப்போது ஒரு உறுப்பினர், அமைச்சர்கள் எந்த விழாவுக்கும் கடைசியில்தானே வருகிறார்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதை ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். வருவது கடைசியில், உட்காருவது முதலில் என்று அது கண்டுபிடித்துச் சொல்ல ஒரு மழைக்காலம் போயிற்று. தைக்கும்போது கடைசியில் தைத்து, திரையில் காட்டும்போது முதலில் தைத்ததாகக் காட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று. பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம் என்று விஸ்வம் வீட்டில் வந்து முனகினார். அந்த வேலையை ஜான்-க்ளோட்தான் ஆஸ்பத்திரியில் மடியில் ஆபீசின் சின்னக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எழுதி முடித்தான். கையில் குத்தியிருந்த குழாய்கள் தட்டச்சுப் பலகையில் இடிக்கும், ஒரு கையாலேயே தட்டுவான்.

அப்புறம் வந்தது பெரிய கூட்டம். தேவையான துண்டு காணவில்லை என்றால் ஊசி 'தவறு' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். இது வாரியத்துக்குப் பிடிக்கவில்லை. வீரசாமி எழுந்து நின்று பேசினார். விஸ்வம் அதை எனக்குத் தமிழில் வார்த்தைக்கு வார்த்தை ஒப்பித்தார், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல்.

"இந்தத் தீவுல நாங்க யாரையும் தப்புன்னு சொல்றதில்லை. தேர்தல்ல தோத்தவங்கள்லகூட, எந்த இனமும் விட்டுப்போகக் கூடாதுன்னு, சில பேருக்குக் கூப்பிட்டு நாற்காலி குடுக்கறோம். இந்த வாரியத்தையே எடுத்துக்குங்க. இங்க யாருக்காவது கம்ப்யூட்டர் தெரியுமா? தெரியாது. எனக்கும் தெரியாது. அதுக்காக யாரையாவது வெளியே அனுப்பினோமா? அதுதான் நாகரிகம். ஒரு மெஷின் வந்து, நீ தப்பு, உனக்கு இடமில்லேன்னு சொல்றதா?"

எல்லோரும் கை தட்டினார்கள். கெட்டுப்போன துண்டுகளுக்கும் முடிந்த புரோகிராமில் ஒரு பங்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. அப்படிச் செய்தால் புரோகிராம் ஓடாதே என்றார் விஸ்வம். வீரசாமிக்கு ஆச்சரியம். "ஓடணும்னு யாரு சொன்னது? ஒத்துமையா இருக்கணும்."

இந்தச் சிக்கலை அவிழ்த்தவனும் ஜான்-க்ளோட்தான். யாரையும் தவறு என்று சொல்ல வேண்டாம், வராத துண்டின் பெயரைச் சொல்லி, அதற்காகக் காத்திருக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லட்டும், அது வருகிற வரை காத்திருக்கட்டும் என்றான். வாரியம் உருகிப்போயிற்று. காத்திருப்பது அவர்களுக்கு நன்றாகப் புரிந்த விஷயம். அந்த வாசகம் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு நாள் முழுக்கச் சண்டை, ஆங்கிலம், பிரெஞ்சு, இந்தி, தமிழ், சீனம் என்று ஆளுக்கு ஒன்று. சண்டை பூராவும் கிரியோலில் நடந்தது. ஜான்-க்ளோட் யாரையும் கேட்காமல் கிரியோலிலேயே எழுதி வைத்துவிட்டான். ஒருத்தரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஆபீசுக்கு வரவில்லை. முகம் ஊதி, கண் உள்ளே போய், ஆளே மாறிப்போனான். கடைசியாக நான் பார்த்தபோது மார்லென் ஆலையிலிருந்து நேரே வந்து, நூல் துணுக்குகள் ஒட்டிய உடுப்போடு அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். தன் பெயரைத் தமிழில் எழுதினால் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டான். கையில் இருந்த பேப்பரின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

"இவ்வளவு நீளமா? முதல் வரியில இடம் இருக்குமா, மதாம்?"

இருக்கும், எல்லா இடமும் உனக்குத்தான் என்றேன். வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

அனுமதி கொடுக்கக் கூட்டம் குறித்திருந்த நாளன்று விடியற்காலையில் அவன் போய்விட்டான். வாரியம் கூடியது. மறைந்த ஊழியர் ஜான்-க்ளோடுக்கு எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. அவருக்கு மரியாதை செய்யும் விதமாக, அவர் எழுதிய கருவி பற்றிய முடிவை ஒத்திவைத்தது. நான் கதை கட்டவில்லை. விஸ்வம் அந்தக் கூட்டத்திலிருந்து நேரே சவ அடக்கத்துக்கு வந்தார், அங்கே மார்லென் கேட்டாள், அனுமதி வந்துவிட்டதா என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இனியாவது ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பித் தொலையுங்கள் என்று அவரிடம் சண்டை போட்டேன். முடியாது என்றார். அந்தக் கிரியோல் வாசகம் எழுதி முடித்த கையோடு, நாட்டின் சொத்து இப்படிக் கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரிப் பிரதி, வீட்டுப் பிரதி எல்லாவற்றையும் வாங்கி அழித்துவிட்டார்களாம். கருவியை இனித் தொடவும் அவருக்கு அனுமதி இல்லை. எஞ்சியிருந்தது வாரியத்தின் மெஷினில் இருந்தது ஒன்றுதான். நீங்களெல்லாம் எதற்குப் படித்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அந்த மனுஷர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஒரு வழியாக அனுமதி வந்தது. ஸெக்வி என்பது வேலைக்காரர்கள் பேச்சு போல இருக்கிறது என்று 'தேசிய ஒருங்கிணைந்த மென்பொருள் கட்டுமான வசதி' என்று பெயரை மாற்றினார்கள். அடுத்து, முதல் வரியில் எழுதியவர்கள் பெயர். தீவில் எந்தப் பட்டியல் போட்டாலும் எல்லா இனத்தாருக்கும் பங்கு வேண்டும், அது நியாயம்தான். ஆக நாலு பேர் எழுதியதாக முடிவாயிற்று. விஸ்வம் வெளிநாட்டுக்காரர், எந்தக் கணக்கிலும் வர மாட்டார், அதனால் அவர் எழுதவில்லை. கிரியோல்காரர்களின் இடத்துக்கு ஜான்-க்ளோட் பொருத்தமானவர்தான், ஆனால் விழாவில் போட்டோ எடுக்க வேண்டும். இறந்தவர் போட்டோவுக்கு நிற்க முடியாது, காலி இடம் விட்டால் அந்த இனத்தாருக்கு அவமானம். ஆகவே கார்கள் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்கிற ரோபெர் எழுதியதாகத் தீர்மானித்தார்கள்.

விஸ்வம் நேரே வீரசாமியின் அறைக்குப் போனார். ஜான்-க்ளோட் பெயர் ஒன்றுதான் அவன் கேட்டது, என் பெயர் வேண்டாம், அவன் பெயரை மட்டும் வையுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். வீரசாமி எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தாராம். கண்கூடக் கலங்கியதாம்.

"விஸ்வம், எனக்கும் அந்தப் பையனைப் பிடிக்கும். ஆனா ஒரு ஆள் இல்லேன்னா வேலை நிக்கக் கூடாது. அதுக்குத்தானே வாரியம் வெச்சிருக்கோம்?"

பட்டியலில் இல்லாத பெயர்கள் எங்கேயாவது ஒளிந்திருந்தால் பின்னால் தகராறு வரும் என்று பெயர் நீக்கக் குழு ஒன்று போட்டார்கள். குழுவினர் கருவியைத் திறந்து, வேண்டாத பெயர் கண்ட இடத்திலெல்லாம் அழித்தார்கள். என்னென்ன அழித்தார்கள் என்று விஸ்வத்துக்குச் சொல்லவில்லை. விழாவுக்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அவர் மன்றாடியதற்கு, இவெட் கூடாது என்றுவிட்டார். அமைச்சர் தொடுவதற்கு முன் வேறு யாராவது தொட்டுவிட்டால், அப்புறம் அமைச்சர் எதைத் திறந்து வைப்பார்?

விழா வாரியத்தின் பெரிய கூடத்தில் நடந்தது. வாசலில் வாழைமரம், உள்ளே காகிதப்பூ, மேடைக்குப் பக்கத்தில் அந்தத் தென்னைமரப் படம். பிள்ளைகளைப் பாட வைக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பாட்டு, யாரும் விட்டுப்போகவில்லை. எழுதியவர்கள் நாலு பேரும் முதல் வரிசையில் இருந்தார்கள். ரோபெர் இரவல் டை கட்டிக்கொண்டு வியர்த்து வழிந்தான். மார்லென் உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் எழுந்து அவளிடம் ஓடினான். நான் ஒன்றும் எழுதவில்லை, டை கட்டிக்கொண்டு வா என்றார்கள், வந்தேன், மன்னித்துக்கொள் என்றான். அவள் அவன் டையைச் சரி செய்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஆலையில் அரை நாள் லீவு கேட்டு வந்திருந்தாள். காரணம் கேட்டதற்கு, என் புருஷன் செய்த சாமான் இன்றைக்கு ஏற்றுமதியாகிறது என்று சொல்லியிருக்கிறாள்.

வீரசாமி பேசினார். இந்தக் கருவி தனி மனிதர் யாருக்கும் சொந்தமில்லை, அதனால்தான் இது உயர்ந்தது, தனி மனிதர்கள் அதிலிருந்து கவனமாக அகற்றப்பட்டிருக்கிறார்கள் என்றார். அமைச்சர் பேசினார். இது எப்படிப்பட்ட கருவி என்று தனக்குச் சொல்லப்பட்டபோது நேரம் போதவில்லை, ஆனாலும் முதலில் தைக்கப்படுவது தன் பக்கம்தான் என்று அறிந்து மகிழ்ந்ததாகச் சொன்னார்.

ஏற்பாடு இதுதான்: அமைச்சர் ஒரு பொத்தானை அழுத்துவார், முன்பே தைத்து வைத்திருந்த ஊசி எல்லோர் முன்னாலும் தன்னைத் தானே புதிதாக ஒரு முறை தைத்துக்கொள்ளும், அந்தப் புதுப் பிரதி அப்படியே உலகத்துக்குப் போகும். தன்னைத் தைக்க அதற்குத் தன் இரண்டு பாதிகளும் வேண்டும். இதை எனக்கு முந்தின நாளே விஸ்வம் சொல்லியிருந்தார்.

அமைச்சர் அழுத்தினார். பெரிய திரையில் கடற்கரை வந்தது, தென்னைமரம் வந்தது, அமைச்சர் பெயர் வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு திரை கறுத்தது. ஒரே ஒரு வரி வந்து நின்றது, கிரியோலில்.

ஜான்-க்ளோடுக்காகக் காத்திருக்கிறேன்.

என் பக்கத்தில் விஸ்வம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தத் துண்டுக்கு அவன் பேரு இருந்ததுன்னு மொத்தமா அழிச்சுட்டாங்க, பாரதி," என்றார் மெதுவாக. "அவன் எழுதினது இனி எங்கயும் இல்ல."

முதலில் சுதாரித்தவர் வீரசாமி. பாருங்கள், எவ்வளவு மரியாதை, மறைந்த ஊழியரை மெஷின்கூட மறக்கவில்லை, இதுதான் நம் வாரியத்தின் பண்பு என்றார். கை தட்டல் கட்டடத்தைப் பிளந்தது. அமைச்சர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் உலகத்துக்கு எப்போது போகும் என்று யாரோ கேட்டதற்கு, அது தயாரானதும் தானே போகும் என்று பதில் வந்தது. அமைச்சர் ஆரம்பித்து வைத்ததை நிறுத்தும் அதிகாரம் வேறு யாருக்கும் இல்லையாம், அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் மாடிக்குக் கத்தோ பிமான் சாப்பிடப் போனார்கள். மொரீஷியஸ்காரர்களின் பருப்பு வடை. வாசனை கீழே வரைக்கும் வந்தது.

கூடத்தில் நாங்கள் மூன்று பேர்தான். மார்லென் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, காலி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து, மெஷினுக்கு முன்னால் அமைச்சர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வாசலில் நின்ற காவலாளி, அது அமைச்சர் நாற்காலி என்று ஆரம்பித்தான். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் அந்தப் பார்வைக்கு மொத்த வகுப்பும் அடங்கும். அவன் வெளியே போய்விட்டான்.

அவள் அந்த வரியைப் படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான், நேரம் எடுத்தது. படித்து முடித்துவிட்டு, கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, திரையில் ஒட்டியிருந்த தூசியைக் கையால் துடைத்தாள்.

"நானும்தான்," என்று அதனிடம் சொன்னாள்.